மைதானத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

நெல்லைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உடற்கல்வி இயக்குநர் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர்கள் வளாகத்தில் 8 தடங்கள் கொண்ட 400 மீட்டர் செயற்கை ஓடுதளம் இருக்கிறது. நடுவில் கால்பந்துத் திடல், மேற்கே கூரை போட்ட கேலரி, கேலரிக்கு அடியில் 12 அறைகள். கட்டி ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் எத்தனை நாள் திறந்திருந்தது என்று பதிவேட்டைப் புரட்டி எண்ணியிருக்கிறார்: கல்லூரிகளுக்கு இடையிலான தடகளம் 4 நாள், அணித் தேர்வுகள் 11 நாள், விளையாட்டு விழா 2 நாள், கொடியேற்றம், அணிவகுப்பு ஒத்திகை என்று 9 நாள். மொத்தம் 26. மீதி 339 நாளும் பூட்டுத்தான். விடுதி மாணவர்கள் வளாகச் சாலையில் ஓடுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பையன்கள் இருட்டினபின் சுவர் ஏறிக் குதித்துப் பந்து விளையாடுகிறார்கள்.

இப்போது நிர்வாகத்தின் முன்னால் மூன்று யோசனைகள் இருக்கின்றன. ஒரு தனியார் பயிற்சி அகாடமி, தன் செலவில் விளக்குக் கம்பமும் செயற்கைப் புல்லும் போட்டுத் தருகிறோம், வருடம் 6 லட்சம் வாடகையும் தருகிறோம், தினமும் மாலை 4 முதல் 10 வரை அரங்கம் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறது. 11 மாத ஒப்பந்தம், அதையே புதுப்பித்துப் புதுப்பித்து 9 வருடம். இரண்டாவது, கண்காட்சி, கச்சேரி, கல்யாண வரவேற்பு ஆகியவற்றுக்கு நாள் வாடகைக்கு விடுவது. மூன்றாவது, பதிவாளர் சொல்வது: "பூட்டியே கிடக்கட்டும், வம்பில்லை." இயக்குநர் கேட்பது இவைதான். 11 மாத ஒப்பந்தம் என்றால் பயமில்லைதானே? "சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் விபத்துக்கு நாங்கள் பொறுப்பில்லைதானே? சின்னத் தொகைக்கு ஜி.எஸ்.டி. வருமா? மாணவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வருடம் முழுக்க இந்த இடத்தைப் பயன்படுத்த வழி இருக்கிறதா?

அன்புள்ள சார்,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் நாட்களை எண்ணியிருக்கிறீர்கள். நான் மணிகளை எண்ணிப் பார்த்தேன். விடியற்காலை 5 முதல் 8 வரை, மாலை 4.30 முதல் 8.30 வரை, ஆக நாளைக்கு 7 மணி நேரம். வருடத்துக்கு 2,555 மணி. நம் ஊர் வெயிலில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் மனிதர் நிற்கக்கூடிய நேரமே இவ்வளவுதான். இந்த மணிகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், விழாக்களும் போட்டிகளும் நடுவில் தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். நிகழ்ச்சிகளை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் 26 நாள் 40 நாளாகும். அதற்கு மேல் போகாது.

டி.என்.பி.எல். கிரிக்கெட் மாதிரி பெரிய ஆட்டம் வந்தால் மாறிவிடாதா என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சங்கர் நகர் மைதானத்திலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் அந்த ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. பெருமையான விஷயம்தான். ஆனால் அவை கிரிக்கெட்டுக்காகப் பிட்ச் போட்டுப் பராமரிக்கும் இடங்கள். அங்கேயும் போட்டி சில வாரங்களில் முடிந்துவிடும், வருடத்தின் மற்ற நாட்களுக்கு வேறு வழி பார்த்துத்தான் ஆக வேண்டும். கோவில்பட்டியைப் பாருங்கள். அந்த ஊருக்கு ஹாக்கியில் பெயர் வந்தது, செயற்கைப் புல்தரை வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே. மண் தரையில் தினமும் பிள்ளைகள் கட்டையைப் பிடித்ததால் வந்த பெயர் அது.

சரி, யாருக்குக் கொடுப்பது? முதலில் உங்கள் மாணவர்களுக்கு. மாலை 4.30 முதல் 6.30 வரை அவர்களுடையது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். அடுத்து நான் நினைப்பது, போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகும் பிள்ளைகளை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி என்று எந்தப் பக்கம் விடியற்காலை போனாலும் நெடுஞ்சாலை ஓரமாக அவர்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். லாரி வெளிச்சம் கண்ணில் அடிக்க, கருப்புச் சட்டையில். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு பதறும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். உங்கள் தளத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. அளந்த தளத்தில் கடிகாரம் பிடித்து ஓடிப் பார்ப்பதற்கும், மைல்கல்லை நம்பி ரோட்டில் ஓடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய வித்தியாசம். ரோட்டில் இருட்டில் ஓட வீட்டில் விட மாட்டார்கள். காவலாளியும் வெளிச்சமும் இருக்கிற பல்கலைக்கழக மைதானம் என்றால் அப்பாவே பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்.

இன்னொரு கூட்டம் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வைத்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கும் செவித்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கும் பல்லாண்டுகளாகப் பள்ளிகள் நடக்கின்றன. அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் காலை ஒதுக்குங்கள். மேடு பள்ளம் இல்லாத, வண்டி வராத, கைபிடித்து ஓட இடம் இருக்கிற தரை அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. வாசலில் சரிவுப் பாதை மட்டும் போட வேண்டியிருக்கும்.

மாதத்தைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

"வருடம் முழுக்க" என்றால் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி என்று பொருளில்லை. சித்திரை, வைகாசியில் காலை 8 மணிக்கு மேல் செயற்கைத் தளத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். காற்றின் சூட்டைவிடத் தளத்தின் சூடு மிக அதிகமாக இருக்கும். ஆனால் பள்ளி விடுமுறையும் அப்போதுதான், எனவே கோடைப் பயிற்சி முகாமை 5.30-க்கே ஆரம்பித்து 8-க்குள் முடித்துவிடலாம். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல், நமக்குக் காற்று. இறகுப் பந்து வெளியே ஆட முடியாது, பந்தல், தட்டி, பேனர் எதுவும் நிற்காது. அந்த இரண்டு மாதம் ஓட்டம், கால்பந்து, கபடி போதும். கபடிக்கு வேண்டியது 13-க்கு 10 மீட்டர்தான், கேலரி மறைவில் இரண்டு களம் போடலாம். மணத்தி கணேசன் மாதிரி அர்ஜுனா விருதுக்காரர் பிறந்த மண் இது. பக்கத்து ஊர்க் கபடிக் குழு அண்ணாச்சிகளைக் கூப்பிட்டுப் பேசினால் ஒரே வாரத்தில் களம் நிறைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் திடலுக்கு ஓய்வு கொடுங்கள். ஈரத்தில் ஆடினால் புல் வேரோடு போகும். இடி இடித்தால் உடனே மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே திறக்க வேண்டும். இதை விதியாகவே எழுதி வாசலில் மாட்டுங்கள். இந்த மாதங்களில் கேலரி அடி அறைகள் வேலை செய்யட்டும். சிலம்பம், யோகா, பளு தூக்குதல், போட்டித் தேர்வுக்குப் படிக்க ஒரு வாசிப்பறை. காலையில் ஓடிய பிள்ளை குளித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும். அட்டைப் பெட்டியும் பழைய விடைத்தாள் கட்டும் அடைத்துக் கிடக்கும் 12 அறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஆதங்கமாக இருந்தது.

மார்கழி தொடங்கி மாசி வரை நம் ஊரின் நல்ல காலம். போட்டிகளை எல்லாம் அங்கே வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 105-க்கு 68 மீட்டர் திடலுக்கு 5 மி.மீ. அளவு பாய்ச்சினாலே 35,700 லிட்டர் வேண்டும். கோடையில் குடிதண்ணீரை அதற்கு எடுத்தால் ஊரோடு சண்டைதான் வரும். விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுவதும், கேலரிக் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடிப்பதும் இந்தத் திட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும். கூரை 2,000 சதுர மீட்டர் என்றால் 10 மி.மீ. மழைக்கே 20,000 லிட்டர்.

அந்த 11 மாத ஒப்பந்தம்

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 11 மாதம் என்று எழுதுவதற்குக் காரணம் பதிவுச் சட்டம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் அதற்குக் கீழே நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 11 மாதம் முடிந்தால் எதிராளி தானாக எழுந்து போய்விடுவார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "இது வாடகை அல்ல, அனுமதி மட்டுமே" என்று மேலே தலைப்புப் போட்டாலும் போதாது. தலைப்பைவிட உள்ளடக்கமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. சாவி யாரிடம், உள்ளே யார் வரலாம் என்று தீர்மானிப்பது யார், இடம் முழுதும் ஒருவர் கையில் இருக்கிறதா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். தினமும் 6 மணி நேரம் சாவி அவர்களிடம் என்றால் உங்கள் வாதம் பலவீனம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இலவசமாகக் கிடைக்கிறதே என்று நீங்கள் மகிழும் அந்த விளக்குக் கம்பமும் புல்தரையும். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் 60-ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், அனுமதி பெற்றவர் அந்த அனுமதியை நம்பி நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தன் செலவில் செய்துவிட்டால், கொடுத்தவர் அந்த அனுமதியை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் இதற்கு மாறாகத் தெளிவாக எழுதாவிட்டால், நாளைக்கு அவர்கள் இந்தப் பிரிவைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதே மாதிரி ஒரு கல்லூரிக்காக நான் வழக்கு நடத்தியிருக்கிறேன். மைதானத்தின் ஒரு மூலையைத் திரும்ப வாங்க நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடத்தில் அங்கே சேர்ந்த மாணவர்கள் மைதானத்தைப் பார்க்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்காக அகாடமியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பயிற்சியாளர் வந்தால் உங்கள் மாணவர்களுக்கும் லாபம். வாரத்தில் நான்கு நாள், மாலை 6.30 முதல் 8.30 வரை, குறிப்பிட்ட பகுதி மட்டும் என்று மணிக்கணக்கில் அனுமதி கொடுங்கள். பூட்டும் திறப்பும் உங்கள் ஊழியர் கையில். நிரந்தரக் கட்டுமானம் எதுவும் அவர்கள் செய்யக் கூடாது. விளக்குப் போடுவதென்றால் பல்கலைக்கழகமே போட்டு, செலவைக் கட்டணத்தில் வாங்கிக்கொள்ளட்டும். பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு இலவசப் பயிற்சி என்ற நிபந்தனையும் வேண்டும். இன்னொரு வரியும் சேருங்கள்: அரசு இடத்தை எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம் அந்த நாட்களுக்கு நின்றுபோகும், நஷ்டஈடு கேட்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. அப்படி ஒரு நாளில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 65-ஆம் பிரிவின்கீழ் உங்கள் கேலரி அறைகளை நிவாரணத்துக்கு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். தேர்தலுக்கும் இதே மாதிரி அதிகாரம் இருக்கிறது.

கல்யாணம், கச்சேரி, கண்காட்சி

ஓடுதளத்தில் ஓட்டக்காரரின் ஸ்பைக் ஆணி 9 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அதே தளத்தில் பந்தல்காரர் கடப்பாரையால் குழி போடுவார், ஜெனரேட்டர் லாரி ஏறும், சாம்பார் கொட்டும். ஒரு இரவு வாடகை அந்தப் பழுதைப் பார்க்கப் போதாது. எனவே தளத்துக்கும் திடலுக்கும் உள்ளே கல்யாணம், கச்சேரி வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கேலரிக்கு வெளியே வண்டி நிறுத்தும் காலி இடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, புத்தகக் கண்காட்சி, விவசாயக் கண்காட்சி போன்றவற்றை அங்கே வையுங்கள். வருடத்தில் எத்தனை நாள் என்று உச்சவரம்பு போட்டு, முன்பணம் வாங்கி. அரசியல் கூட்டத்துக்கு எந்தக் கட்சிக்கும் இல்லை என்று ஒரே தீர்மானமாகப் போட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரிடம் முகம் முறிய வேண்டியதில்லை.

பெரிய கூட்டம் கூடும் எதற்கும் காவல்துறை, தீயணைப்புத் துறை அனுமதியை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே தேதி கொடுங்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கத்தில் நெரிசலில் 11 பேர் இறந்தது உள்ளே அல்ல, வாசல்களுக்கு வெளியே. உங்கள் அரங்கத்துக்கு எத்தனை வாசல், ஒவ்வொன்றும் எத்தனை அடி அகலம் என்று நாளைக்கே அளந்து வையுங்கள். ஒலிபெருக்கிக்கும் எழுத்து அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. அந்த வளாகத்தில் விடுதிப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுதி வாங்கிய தாள் காப்பாற்றுமா?

காப்பாற்றாது, சார். ஓடும்போது கால் பிசகினால் அது விளையாட்டில் உள்ள இயல்பான ஆபத்து, அதற்கு அந்தத் தாள் ஓரளவு உதவலாம். கட்டிவைக்காத கோல்போஸ்ட் குழந்தை மேல் சாய்ந்தாலோ, விளக்குக் கம்பத்தில் மின்கசிவு இருந்தாலோ அது உங்கள் கவனக்குறைவு. பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் வழக்கு வரும். கோல்போஸ்ட்டை நங்கூரமிட்டுக் கட்டுவது, மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் இ.எல்.சி.பி., முதலுதவிப் பெட்டி, மார்பு அழுத்தி உயிர் காக்கப் பழகிய இரண்டு ஊழியர்கள், பொதுப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் திறப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். நடைப்பயிற்சிக்கு 60 தாண்டியவர்கள் வருவார்கள். உங்கள் வாசலிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள்.

பதிவாளர் ஐயாவிடம் இதைச் சேர்த்துச் சொல்லுங்கள்: பூட்டி வைப்பதாலும் பொறுப்பு போய்விடாது. பையன்கள் சுவர் ஏறிக் குதிப்பது நிர்வாகத்துக்குத் தெரியும் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. தெரிந்தும் சுவர் மேல் கண்ணாடிச் சில்லைப் பதித்துவிட்டுச் சும்மா இருந்தால், நாளை ஒரு பையனுக்கு ஏதாவது ஆகும்போது அந்த மௌனமே கேள்வியாகும். வாசல் வழியாக, வெளிச்சத்தில், பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விடுவது இதைவிடப் பத்திரம்.

பெண்களின் பாதுகாப்பில் எந்தச் சமரசமும் கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, விளையாட்டரங்கத்தையும் பணியிடம் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வெளிப் பயிற்சியாளர் மேல் வரும் புகாரையும் உங்கள் உள்ளகப் புகார்க் குழு எடுக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வருவதால் போக்சோ சட்டமும் உண்டு. பயிற்சியாளர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல்துறை மூலம் சரிபார்த்த பிறகே உள்ளே விடுங்கள். குழுவின் தொலைபேசி எண் உடைமாற்றும் அறைச் சுவரில் இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி.

மாணவர் கல்விக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. வெளியாருக்கு மைதானத்தை வாடகைக்கு விடுவது அதில் சேராது. "வாடகை 20 லட்சத்துக்குக் கீழேதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்கான அந்த 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது விலக்குள்ள வருமானத்தையும் சேர்த்தே கூட்ட வேண்டும். எனவே தொகை சின்னதானாலும் பதிவு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டே ஆடிட்டரிடம் பேசுங்கள். மைதான வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு. அந்தப் பணம் மைதானத்துக்கே செலவாக வேண்டும் என்று நிதிக்குழு தீர்மானம் இருந்தால் தணிக்கை ஆட்சேபணைக்கும் பதில் சொல்ல எளிது.

இனி உடனே செய்ய வேண்டியது. முதலில் இரண்டு காகிதங்களைத் தேடி எடுங்கள்: பல்கலைக்கழகத்துக்கு நிலம் கொடுத்த அரசாணை, அரங்கம் கட்ட வந்த நிதியின் ஒப்புதல் கடிதம். கல்விக்கும் விளையாட்டுக்கும் மட்டும் என்று நிபந்தனை இருந்தால் வணிக வாடகையே நிற்காது. அதைப் பார்க்காமல் மேலே பேசிப் பயனில்லை. அப்புறம், பாதுகாப்பு ஏற்பாடுகள் முடிந்ததும், துணைவேந்தரிடம் மூன்று மாத அனுமதி மட்டும் கேளுங்கள். ஒரே ஒரு வாசல், காலை 5 முதல் 8 வரை, பெயர்ப் பதிவேடு, அடையாள அட்டை, கட்டணம் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து, என்ன பழுது, மின்சாரம் எவ்வளவு என்று தினமும் எழுதி வாருங்கள். முதல் எண்ணிக்கையை நீங்கள்தானே எடுத்தீர்கள், இதையும் உங்களைவிட யாரும் சரியாக எடுக்க முடியாது. அந்தப் பதிவேட்டோடு பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்குப் போங்கள்.

அகாடமி ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று எழுதியிருப்பது ஆறுதலாக இருந்தது. அவர்கள் அவசரப்படுத்தினால், சிண்டிகேட் தீர்மானம் இல்லாமல் எதுவும் பேச முடியாது என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதான். அதற்குள் வரைவின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.